சுல்தானின் அட்டையில் என் கையெழுத்து

புதிதாகக் கால்நடை வைத்தியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இரத்தம் எடுப்பதும் ஸ்கேன் பார்ப்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். மருந்தின் அளவு மறந்துபோனால் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்துக்கொள்வீர்கள். ஆனால் பிழை விடுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் உங்களில் ஒருவருக்கும் இல்லை. அந்தத் துணிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் உங்களில் ஒரு தங்கச்சி தொலைபேசியில் கேட்டார்: "சேர், பூனைக்குத் திடீரெண்டு கால் நோவும் தசை இழுப்பும் வந்தா முதல்ல எதைப் பாக்க வேணும்?"

"வாலைத் தூக்கிப் பாருங்கோ" என்றேன்.

பிள்ளை சிரித்துவிட்டு, "பகிடி விடாதேங்கோ சேர், அவசரமாக் கேக்கிறன்" என்றது. நான் பகிடி விடவில்லை. அந்தப் பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தேழு வருடச் சேவையும் சுல்தான் என்கிற ஒரு பூனையும் தேவைப்பட்டன. கதையை முழுதாகச் சொன்னால்தான் விளங்கும்.

லாபிர் நானா படகு மோட்டர் திருத்துகிறவர். ஊர் கிண்ணியா. அவருடைய கராஜ் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், எங்கள் வைத்தியசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நல்ல மனிதர், ஆனால் தொழில் என்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார். மோட்டரைக் கொண்டுபோய் வைத்து "கார்புரேட்டர் பழுது நானா" என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "பழுது என்னெண்டு நான் சொல்றன். சத்தம் எப்படி வந்திச்சு எண்டதை மட்டும் நீங்க சொல்லுங்க" என்பார். மூடியைக் கழற்றாமல் ஒரு மோட்டரைப் பற்றியும் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

ஒருநாள் அவர் பிஸ்டன் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையளவு இருக்கும். நல்ல செம்மஞ்சள் நிறம். யாரோ கராஜ் வாசலில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

"டொக்டர், இது ஆணா பொண்ணா? பேர் வைக்க வேணும்."

வெளியே ஆறு ஆடுகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் நிறத்தைப் பார்த்தேன். செம்மஞ்சள் பூனைகளில் பெரும்பாலானவை கடுவன்கள் என்று படித்திருந்தேன். அதில் 'பெரும்பாலானவை' என்ற சொல்லை எங்கோ தொலைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்திருந்தேன். "கடுவன்தான் நானா" என்று சொல்லி, நோயாளர் அட்டையிலும் அப்படியே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அப்ப இவர் சுல்தான்" என்றார் லாபிர் நானா. சுல்தான் என்று பேர் வைத்தாரே தவிர, கூப்பிடும்போது பிள்ளையைக் கொஞ்சுவதுபோல "வாப்பா, வாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

விசர்நாய்த் தடுப்பூசி போட இரண்டாம் தரம் கொண்டுவந்தார். அட்டையைப் பார்த்தேன், கடுவன் என்று இருந்தது. எழுதியவர் திறமையானவர் என்ற நம்பிக்கையில் ஊசியைப் போட்டு அனுப்பினேன்.

சுல்தானுக்கு ஒரு வயது தாண்டியபோது லாபிர் நானா தொலைபேசியில் அழைத்தார்.

"டொக்டர், இவன்ட வயிறு பெருத்துப் போச்சு. சும்மா படுத்தே கிடக்கான்."

நான் சிரித்தேன். "கராஜுக்கு வாற எல்லாரும் மீன் போட்டா வேற என்ன நடக்கும்? கடுவன் திண்டு கொழுத்துப் போச்சு. சாப்பாட்டை அரைவாசியாக் குறையுங்கோ."

நம் சொல்லை அரைகுறையாகக் கேட்கிறவர்களால் வருகிற ஆபத்து கொஞ்சம்தான். முழுதாகக் கேட்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். அரைவாசி என்றால் லாபிர் நானாவுக்கு அரைவாசிதான். தராசில் நிறுத்துப் போட்டிருக்கிறார். வருகிறவர்கள் போடுகிற மீனையும் தடுத்து, 'சுல்தானுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். டொக்டர் உத்தரவு' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டாராம். நான்கு கிழமை கழித்து மறுபடியும் அழைப்பு வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டொக்டர், வயிறு வத்திட்டு! ஆள் இப்ப ஒல்லி. நீங்க சொன்ன முறை நல்லா வேலை செஞ்சிட்டு!"

என் தலையில் கொஞ்சம் கனம் ஏறியது. எங்கள் உதவியாளர் புஷ்பம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறி வந்து, என்னைவிடக் கூடுதல் காலம் அந்த வைத்தியசாலையில் வேலை செய்கிறவர். டொக்டர்மார் வருவதையும் போவதையும் பார்த்துப் பார்த்துப் பழகியவர், ஒருவரையும் பெரிதாக மதிக்கமாட்டார். மேசையைத் துடைத்துக்கொண்டே, "ஒரே நாளிலயோ வத்தினது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் காது கொடுக்கவில்லை. பாராட்டு வாங்கிய ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அன்று காலை கப்பல்துறை என்ற ஊரில் கன்று போட்ட பசு ஒன்று எழும்பமாட்டாமல் கிடந்தது. பாலோடு சுண்ணாம்புச் சத்து முழுதும் இறங்கிப்போய், கால்கள் சோர்ந்து, கழுத்தை ஒரு பக்கம் மடித்துக்கொண்டு படுத்திருந்தது. வாசலில் நின்றே நோயைச் சொல்லிவிட்டேன். கல்சியத்தை ஏற்றினேன், அரை மணித்தியாலத்தில் எழும்பி நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மிச்ச மருந்துப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் தந்த தயிர் முட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒரு வெற்றி வீரனாகத் திரும்பி வந்தேன்.

வைத்தியசாலை வாசலில் லாபிர் நானா நின்றார். கையெல்லாம் கிரீஸ். கராஜ் துணியில் சுற்றிச் சுல்தானை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"காலையில நொண்டினான் டொக்டர். கால்ல ஏதோ நோவு எண்டு நினைச்சன். தொட்டாக் கத்துறான். இப்ப பாருங்க, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்குது."

மேசையில் வைத்தபோது எனக்கும் பயம் வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் மரக்குச்சியாக விறைத்திருந்தன. தோலுக்கு அடியில் தசைகள் ஓயாமல் துடித்தன. வாய் திறந்து மூச்சு வாங்கியது. கண்மணிகள் பெரிதாக விரிந்திருந்தன. உடம்பு அனலாகக் கொதித்தது. இப்படியே கொஞ்ச நேரம் போனால் பூனை செத்துவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

முதல் சில நிமிடங்களை நான் நன்றாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். இரத்தக் கட்டி வந்து பின்னங்கால் நாளத்தை அடைத்தாலும் பூனை இப்படித்தான் அலறும். ஆனால் அப்போது பாதம் குளிர்ந்து, அடிப்பகுதி வெளிறியிருக்கும். இதன் பாதங்கள் சூடாக, நல்ல ரோசா நிறமாக இருந்தன. தொடையில் நாடியும் ஓடியது. எலும்பு முறிவும் இல்லை. அப்படியானால் நஞ்சு என்று முடிவுகட்டினேன். துறைமுகக் கராஜில் நஞ்சுக்கா பஞ்சம்?

"நானா, என்னத்தையாவது நக்கினதோ? மேல ஏதும் பட்டதோ?"

லாபிர் நானா யோசித்தார். முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. "நேத்து முதுகில கிரீஸ் ஒட்டியிருந்திச்சு. பெயின்ட் கரைக்கிற தின்னர்த் துணியால துடைச்சு விட்டன்."

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. "அதுதான் நானா. தோலால உள்ள போயிருக்கும், நக்கியும் இருக்கும்."

"என்ட கையாலயா டொக்டர்?"

நான் மருந்து அலுமாரியைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என் மனதுக்கு ஒரு ஆறுதல் வந்தது. காரணம் கண்டுபிடித்த ஆறுதல். அந்த மனிதர் என் முன்னால் இடிந்துபோய் நிற்கிறார், எனக்கு ஆறுதல். இதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பூனையை மயக்கித் துடிப்பை அடக்கலாம், பிறகு முதுகைக் கழுவலாம் என்று நினைத்து, மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினேன். புஷ்பம் அக்கா தூக்கிப் பிடிப்பதற்காகச் சுல்தானின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்தார். கொடுத்த கையை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"டொக்டர், கை நனைஞ்சு போச்சு."

"இழுப்பு வந்தா மூத்திரம் போகும் அக்கா."

"மூத்திரம் எனக்குத் தெரியாதோ? இது பால்."

"கடுவனுக்கு எங்கால பால்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

நான் செய்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். எதிரே பூனை கிடக்கிறது. நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் அதை அவரிடம் நீட்டியும் காட்டினேன். "கடுவன் எண்டு கிடக்கு, பாருங்கோ."

"அட்டையை வையுங்கோ டொக்டர். பூனையைப் பாருங்கோ."

வாலைத் தூக்கினேன். ஒரு நொடி வேலை. சுல்தான் பெண்.

வயிற்று மயிரை விலக்கினேன், முலைகள் வீங்கிப் பாலோடு இருந்தன. ஒன்றரை மாதத்துக்கு முந்திப் பெருத்த வயிறு, புஷ்பம் அக்கா கேட்டபடி ஒரே நாளில் வற்றிய வயிறு, நான் அரைவாசியாக்கிய சாப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. காலையில் கப்பல்துறையில் நான் பார்த்த அதே குறைதான் இது. பசு சோர்ந்து விழுந்தது, பூனை விறைத்து இழுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மருந்து என் பையிலேயே இருந்தது. மயக்க மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கழுவிக்கொண்டு நின்றிருந்தால், சுத்தமாகக் கழுவிய பூனை ஒன்று எங்கள் மேசையில் செத்திருக்கும்.

வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஆனால் வெட்கப்படுகிற நேரம் அது இல்லை. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பிழை விட்ட கை அதைச் சரிப்படுத்த அவசரப்படும். கல்சியமோ அவசரப்பட்டால் இதயத்தை நிறுத்திவிடும். பசுவுக்கு என்று வந்த போத்தலிலிருந்து பூனைக்கு ஏற்ற கொஞ்சத்தை எடுத்து, சேலைன் கலந்து ஐதாக்கி, துளித்துளியாக ஏற்ற வேண்டும். ஏற்றுகிற நேரம் முழுதும் யாராவது இதயத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் கை இரண்டும் ஊசியில். பிழை விட்ட அந்த நேரத்தில் என் காதை நானே நம்பவில்லை. புஷ்பம் அக்காவின் கை இரண்டும் பூனையில். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி லாபிர் நானாவின் காதில் மாட்டினேன்.

"நானா, இதைக் கேட்டுக்கொண்டே இருங்கோ. வேகம் விழுந்தாலும், ஒரு தட்டுத் தவறினாலும் உடனே சொல்லுங்கோ."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடினார். ஒற்றை விரலால் மேசையில் தட்டத் தொடங்கினார், சுல்தானின் இதயத்தின் கணக்கில். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு மருந்தை ஏற்றினேன். படபடவென்று ஓடிய விரல் மெல்ல மெல்ல ஆறியது. மருந்து அரைவாசி போனபோது விரல் அந்தரத்தில் நின்றது.

"நிப்பாட்டுங்க டொக்டர். ஒண்டு விடுகுது."

நிறுத்தினேன். சுவரில் மின்விசிறி மட்டும் சுற்றியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, நிமிடக் கணக்காகத்தான் இருக்கும். பிறகு விரல் மேசையில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே சீராகத் தட்டியது.

"இப்ப பிடிச்சிட்டு. இனிப் போகலாம்."

மீண்டும் ஏற்றினேன், முன்னையிலும் பாதி வேகத்தில். துடிப்பு முதலில் காதில் அடங்கியது, பிறகு தோளில், கடைசியாகத் தொடையில். விறைத்த கால்கள் மடங்கின. சுல்தான் தலையைத் தூக்கிப் புஷ்பம் அக்காவின் கையிலிருந்த தன் பாலையே நக்கத் தொடங்கியது.

"ஐட்லிங் அருமையாக் கிடக்கு டொக்டர்" என்றார் லாபிர் நானா, சும்மா ஓடவிட்ட மோட்டரைச் சொல்வதுபோல. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. நானும் மூக்கை உறிஞ்சினேன். புஷ்பம் அக்கா மட்டும் தெளிவாக இருந்தார்.

"எல்லாம் சரி. குட்டியள் எங்க?"

லாபிர் நானா தலையில் கை வைத்தார். "சூசைட படகு! பத்துப் பன்னிரண்டு நாளா அதுக்குள்ளதான் போய்ப் போய்ப் படுத்தான்."

சூசை மீனவர். மோட்டர்ச் சாமான் ஒன்று வராததால் அவருடைய படகு இரண்டு மாதமாகக் கராஜ் முற்றத்தில் நின்றது. அன்று காலைதான் சாமானைப் பூட்டி, ஓட்டிப் பார்ப்பதற்காகக் கடலில் இறக்கியிருந்தார்கள். லாபிர் நானா தொலைபேசியை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"சூசை, எங்க நிக்கிற?"

"குடாவுக்குள்ளதான் நானா, ஒரு சுத்துச் சுத்துவமெண்டு வந்தனான். மோட்டர் சும்மா பறக்குது. ஆனா முன்பக்கமாக் கீச்சுக் கீச்செண்டு ஒரு சத்தம். ஆணி ஏதும் இறுக்காம விட்டிட்டியளோ?"

தன் வேலையில் குறை சொன்னதற்கு லாபிர் நானா கோபிக்காததை நான் கண்டது அன்று மட்டும்தான். "மோட்டர நிப்பாட்டு. முன்னறைக்குள்ள வலையைத் தூக்கிப் பாரு."

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சூசை விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது. "மூண்டு குட்டி நானா! ஒண்டு என்ட தொப்பிக்குள்ள ஏறீட்டுது!"

"மெல்லமா ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா. அலையில அடிக்காம வா."

அவர் வரும்வரை காத்திருந்தோம். லாபிர் நானா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார், மறுபடி போட்டுக் கழுவினார், திரும்பவும் போட்டார். "இனித் தின்னரைத் தொட மாட்டன் டொக்டர். என்ட புத்தியில்லாத வேலை" என்றார்.

எனக்கு விளங்கியது. பூனை பெண் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் பழியைத் தின்னரில்தான் வைத்திருந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். தின்னர் பூனைக்கு நல்லதல்ல என்று ஒரு புத்திமதியையும் சொல்லி அனுப்பியிருக்கலாம், அது பொய்யும் ஆகாது. நல்ல பெயரோடு இருந்திருப்பேன். மனம் அந்தப் பக்கம் போனது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

"கழுவினது காணும் நானா. தின்னர் கூடாதுதான், ஆனா இண்டைக்கு வந்தது அதால இல்லை. பிழை என்ட. அண்டைக்கு நான் நிறத்தை மட்டும் பாத்திட்டுக் கடுவன் எண்டு எழுதினனான். ஊசி போட்ட நாளும் பாக்கேல்ல. வயித்தில குட்டியோட இருந்ததுக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னதும் நான்தான். பாக்காமலே சொன்னனான்."

அவர் குழாயைப் பூட்டினார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு மேலதிகாரிகள் ஏசியிருக்கிறார்கள், ஒரு எருமை என்னை வேலிக்கு மேலால் தூக்கி எறிந்திருக்கிறது. அந்த முதுகு தந்த பயத்தை இவை தரவில்லை. சொன்னதற்கு ஒரு பொழுதும் வருந்தவில்லை, ஆனால் அந்த அரை நிமிடம் நரகம். நம் பிழையை இன்னொருவர் தன் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மருந்துக் கணக்கில் பிழை விட்டால்கூடத் திருத்த ஒரு வழி இருக்கும், இதற்கு இராது.

அந்த நேரம் பார்த்துச் சூசை உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். தொப்பிக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து இரண்டு நாள்தான் இருக்கும். பசியில் கத்தியது அறை முழுதும் கேட்டது. தாய்க்குக் கொஞ்சம் உடம்பு தேறும்வரை அவற்றைத் தாயிடம் பால் குடிக்க விடக்கூடாது என்பதால், ஊட்டிவிடுகிற பொறுப்பைப் புஷ்பம் அக்கா கேட்காமலே எடுத்துக்கொண்டார். குட்டிகளில் இரண்டு கறுப்பும் செம்மஞ்சளும் கலந்தவை, ஒன்று முழுச் செம்மஞ்சள்.

லாபிர் நானா செம்மஞ்சள் குட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குட்டியைக் கொண்டுபோய்ப் புஷ்பம் அக்காவிடம் கொடுத்தார்.

"டொக்டர் பாவம், காலையிலருந்து வேலை. அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க. இது ஆணா பொண்ணா?"

சூசைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பில் வயிறு நொந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. புஷ்பம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குட்டியை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வாலைத் தூக்கி, ஆறுதலாகப் பார்த்தார். மற்றப் பக்கம் திருப்பி இன்னொரு தரம் பார்த்தார்.

"இப்ப சொல்லேலாது நானா. நல்லாச் சின்னன். நாலு கிழமை கழிச்சுக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

பிஸ்டன் பெட்டியோடு அவர் முதன்முதல் வந்த நாளில், பட்டமும் பதவியும் உள்ள நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.